நான் சிரித்ததற்கு ஒரு சத்தியக்கடதாசி

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு சரி. ஆனால் ஒக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில்லில், டெய்ரி என்று இங்கே சொல்கிற என்னுடைய கடைக்கு ஒருநாள் வந்து பாருங்கள். பால், பாண், இறைச்சி வைத்துச் சுட்ட சூடான பை, ஒடியல் மா, மாசிக் கருவாடு என்று ஒரு சின்ன மூலைக்கடைக்குள் நான் அடுக்கி வைத்திருக்கிற மாதிரி இந்த நகரத்தில் எவரும் அடுக்கவில்லை. டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் கோயில் வாசலில் நின்று, வீடு வாங்கலாமா, பொறுக்கலாமா என்று என்னட்டைத்தான் கேட்பார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரேயொரு நாள்தான் கடையைப் பூட்டினேன். என் மகள் பெரிய அணிக்காக முதல் பந்து போட்ட நாள் அது.

அவள் வேகப்பந்து வீச்சாளர். சம்பளம் வாங்கி விளையாடுகிறவள். அந்த வேகம் என் கை. ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கார் ஏறுகிற சரிவில், டென்னிஸ் பந்துக்குக் கறுப்பு டேப் சுற்றி, அவளுக்கு எட்டு வயதிலிருந்து நான்தான் பழக்கினேன். பிறகுதான் கோச், ஜிம், சாப்பாட்டுக்கு ஆலோசகர் எல்லாம். அத்திவாரம் நான் போட்டது. இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் இங்கே எழுத வந்தது அந்தப் பெருமையை அல்ல. நான் பயந்த கதையை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். கடையில் உதவிக்கு நிற்கிற பெடியனை விட்டுவிட்டு, மகளின் ஆட்டத்தை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். மனைவி வடைக்கு அரைத்த கடலைப்பருப்பைத் தட்டில் வைத்து உருட்டிக்கொண்டு பார்த்தாள். மகள் நாலு விக்கெட் எடுத்தாள். ஆட்டம் முடிந்ததும் மைக்கோடு ஒரு பெண் அவளிடம் வந்தாள். வெற்றியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, உலகம் முழுக்க விளையாட்டு வீரர்கள் நிறவெறியைப் பற்றி வாய் திறக்கிறார்கள், முழங்காலில் நிற்கிறார்கள், உங்களுக்கு அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். சிரித்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். அவள் தொப்பியைக் கழற்றினாள். நெற்றியைத் துடைத்தாள். 

பதினாலு வயதிலிருந்து தன் கோச் தன்னை ஓவர்ஸ்டேயர் என்று கூப்பிட்டதாகச் சொன்னாள். விசா முடிந்தும் நாட்டை விட்டுப் போகாமல் ஒளிந்திருக்கிறவனுக்கு இங்கே சொல்கிற பெயர் அது. அவள் இந்த நகரத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அவள் ஓட்டத்தில் பின்தங்கினால், கெதியாய் ஓடு, இமிக்ரேஷன்காரன் பின்னால் வருகிறான் என்பாராம். எல்லாரும் சிரிப்பார்களாம். நான்கு வருஷம் அதுதான் அவள் பெயர். இவ்வளவையும் இங்கிலீஷில், ஒரு பதற்றமும் இல்லாமல் சொன்னாள். கடைசியாக ஒன்று, அதுவும் இங்கிலீஷில்தான், சொன்னாள்.

"என்ர அப்பாவும் மைதானத்து எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில நிண்டு சிரிச்சவர். அவரில எனக்குக் கோபமில்லை. அவர் பயத்தில சிரிச்சவர்."

மனைவி பருப்பு ஒட்டிய கையாலேயே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். பக்கத்து வீட்டுக்காரன் கேட்டுவிடுவான் என்பது போல. பக்கத்து வீட்டிலும் அதே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அன்றைக்கு வடை சுடப்படவில்லை.

நான் பயந்தவன் என்று நாட்டுக்கே சொல்லிவிட்டாள். என்னை! கடைக்குள் ஒருவன் சுத்தியலோடு ஏறிவந்தபோது, கல்லாவை விட்டு ஓர் அடி நகராமல் நின்றவன் நான். பொலிஸ்காரனே என் தோளில் தட்டிவிட்டுப் போனான். ஆனால் சுத்தியல்காரனுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். சிகரெட். பெரிய இடத்து ஆளைப் பார்த்து வாய் திறந்தால் அவன் எதைக் கேட்டு வருவான் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பயம் வேறு. அதை நான் பத்தொன்பது வயதில் கற்றுக்கொண்டேன்.

ஊரில் ஆமிக்காரரின் ஒரு சுற்றிவளைப்பு. எங்கள் ஒழுங்கைப் பெடியன்கள் எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவன், நாங்கள் என்ன பிழை செய்தோம் என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். அவனை எழுப்பி வெள்ளை வான் வண்டியில் ஏற்றினார்கள். அவன் வீட்டார் இன்றைக்கும் அவனுக்குத் திவசம் கொடுக்காமல் இருக்கிறார்கள். என்னை விட்டதற்குக் காரணம் என் தகப்பன் ஓடிப்போய் எங்கள் கிராம அதிகாரி விதானையாரிடம் வாங்கிவந்த கடதாசி. இன்னாருடைய மகன், நல்லவன், ஒரு இயக்கத்தோடும் தொடர்பில்லாதவன் என்று நாலு வரி, கீழே நீல முத்திரை. அந்தக் கடதாசி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருக்கிறதும், முத்திரை குத்திய ஒரு கடதாசியும். என் படிப்பு இவ்வளவுதான். இதை வைத்துத்தான் நான் கடை, வீடு, வான் எல்லாம் வாங்கினேன்.

வான் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கடைக்குச் சாமான் ஏற்ற வான் வாங்கப் போனபோது வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் குழாய் திருத்துகிறவன், கூரைக்குப் பெயின்ட் அடிக்கிறவன், பூட்டுச் செய்கிறவன் எல்லாருக்கும் வெள்ளை வான். நான் வாங்கிய அன்றைக்கே கொண்டுபோய்ப் பச்சை அடிப்பித்தேன். கடைக்கு விளம்பரம் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தேன்.

திங்கட்கிழமை காலமை கடை திறந்து அரை மணித்தியாலம் இராது, தொப்பி போட்ட ஒருவர் வந்தார். மாட்டிறைச்சிப் பை ஒன்று எடுத்தார். சுவரில் என் மகள் பந்து வீசுகிற பெரிய படம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தொலைக்காட்சியில் வந்த பெண் உன் மகளா என்றார். ஆம் என்றேன். இந்த நாடு அவளுக்கு எல்லாம் கொடுத்தது, கொஞ்சம் நன்றி இருந்தால் நல்லது என்றார். கத்தவில்லை. சோஸ் பக்கெட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் சொன்னேன், சொறி சேர், பிள்ளை தெரியாமல் கதைச்சிட்டாள் என்று. சொன்னது மட்டுமில்லை, சோஸுக்குக் காசும் எடுக்கவில்லை. அவர் போனதும் கதிரை போட்டு ஏறி மகளின் படத்தைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன்.  

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு எதிரே ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண்ணாடிக்குள்ளே ஒருவன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். இலக்கத்தைக் கடைக் கொப்பியின் பின்மட்டையில் எழுதினேன். இது ஒக்லாந்து என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இங்கே அப்படி யாரையும் ஏற்றிக்கொண்டு போகிறதில்லை என்றும் தெரியும். ஆனாலும் மகள் வெளிக்கிடுகிற நேரம்.  நான் என்ன செய்ய? பச்சை வானை எடுத்து எங்கள் வாசலுக்குக் குறுக்கே விட்டேன். பயிற்சிக்குப் போக வெளிக்கிட்ட மகள் காரை எடுக்க முடியாமல் ஹோர்ன் அடித்தாள். எதிரே இருந்தவன் இறங்கி, ஏணியை இறக்கி, பக்கத்து வீட்டுக் கூரைப் பீலியைக் கழுவத் தொடங்கினான்.

அன்று பின்னேரம் குசினியில் அவளிடம் கதைத்தேன். மெல்போர்னில் என் தம்பி வீட்டில் இரண்டு கிழமை நின்றுவிட்டு வா என்றேன். நாளைக்கு ஜிம் இருக்கிறது என்றாள். அந்தக் கோச்சுக்கு ஒரு மன்னிப்பு எழுதினால் குறைந்தா போய்விடுவாய் என்றேன். வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு நின்றவள் உரிக்கிறதை நிறுத்தினாள். சின்ன வயதிலிருந்தே கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்லுகிறவள், அன்று தமிழில் சொன்னாள்.

"நீங்கள் சிரிச்சதைச் சொன்னதுக்கா இந்தக் கோபம்?"

"கோபமில்லைப் பிள்ளை. உனக்கு உலகம் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்ச உலகத்தில நீங்களும் நிண்டனீங்கள் அப்பா."

மனைவி அடுப்பைத் துடைக்கிற சாக்கில் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். கடையில் தொப்பிக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதை அவளுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன், அதையும் அவளே மெதுவாகப் போட்டுடைத்தாள்.  மகள் பழத்தைச் சாப்பிடாமல் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, கிரிக்கெட் சபையிலிருந்து அவள் பெயருக்கு வந்த ஒரு கடிதம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. பிள்ளையின் கடிதத்தை வாசிக்கிற ஆள் இல்லை நான். ஆனால் வாசித்தேன். இங்கிலீஷ் எனக்குக் கதைக்கத்தான் வேகம். வாசிக்கும்போது விரலை வைத்து வைத்துப் போகவேண்டும். விசாரணை நடத்தப் போகிறார்கள். கோச் எல்லாவற்றையும் மறுத்திருக்கிறார். அந்தக் காலத்துப் பெற்றோர்கள் ஐந்து பேரை இவள் சொல்லியிருக்கிறாள். ஐந்து பேரும், அப்படி ஒன்று கேட்டதாக ஞாபகமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வேறு சாட்சி இருந்தால் பன்னிரண்டு நாளுக்குள் தெரிவிக்கவும். சாட்சி இல்லாவிட்டால், பொய்யாகக் குற்றம் சாட்டினாளா என்ற கேள்வியும் வரும். அடுத்த வருஷக் கொன்ட்ராக்ட் அதற்குப் பிறகுதான்.

அந்த ஐந்து பேரையும் எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் அவர்களோடு கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒருவருக்குச் சமோசா கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். ஆறாவதாக அங்கே நின்றவன் நான். என் பெயரை அவள் எழுதவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை.

இதை வாசித்த எந்தத் தகப்பனும் சாட்சி சொல்லவல்லவா ஓடியிருப்பான் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வந்த யோசனை வேறு. ஒரு கடதாசி வேண்டும். முத்திரை குத்திய கடதாசி. அதைக் கொண்டுபோய் அந்த அலுவலகத்தில் கொடுத்தால் பிள்ளையை விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. இரண்டு நாளாகக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுதினேன். பெரிய எழுத்தில், அழுத்தி. இவள் என் மகள். நல்ல பிள்ளை. கோயிலுக்குப் போகிறவள். அரசாங்கத்துக்கு மரியாதை கொடுப்பவள். ஒரு இயக்கத்தோடும் தொடர்பில்லாதவள். கோபத்தில் கதைத்துவிட்டாள், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

விதானையாருக்கு இந்த நாட்டில் எங்கே போவது? ஊரில் சமாதான நீதவானும் நற்சான்றிதழ் கொடுப்பார். இங்கேயும் அந்தப் பெயரில் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் நூலகத்தில் ஒரு மேசையைப் போட்டு, கிழமையில் ஒருநாள் சும்மாவே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்துவார்கள். என் கடைப் பத்திரங்களுக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன். அதனால் இஸ்திரி போட்ட சட்டையோடு, அலுமாரியிலிருந்த பழைய கடதாசியையும் மாதிரிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

மேசையில் இருந்தவர் ஒரு சமோவா அம்மா. என்னிலும் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். காதோரம் ஒரு பூ. கண்ணாடியை இறக்கி என் கடதாசியை மெதுவாக வாசித்தார். பிறகு இன்னொரு தரம் வாசித்தார். எந்த இயக்கம் என்று கேட்டார். எந்த இயக்கத்தோடும் இல்லை, அதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். உங்கள் மகளை எனக்குத் தெரியாதே, நல்லவள் என்று நான் எப்படி முத்திரை குத்துவது என்றார். அப்படி ஒரு பத்திரம் தான் செய்கிற வேலையில் இல்லை என்றார். நான் பழைய கடதாசியை விரித்துக் காட்டினேன். தமிழும் சிங்களமும், மங்கிப்போன நீலமும். அவர் முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். இது எதற்கு என்றார். சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் பாஸ்போர்ட் பிரதியோடு இரண்டு பேர் நின்றார்கள். அவர் அவசரப்படுத்தவில்லை.

மகள் என்ன கதைத்தாள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். கோச் சொன்ன பகிடியைச் சொல்லும்போது, பழக்கத்தில், சிரித்துவிட்டேன். சத்தியமாய் வேண்டுமென்று சிரிக்கவில்லை. அது தானாக வந்தது.

அவர் சிரிக்கவில்லை. தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, விடியப்புறம் பொலிஸ் வந்து கதவைத் தட்டி, தங்கள் தீவு ஆட்களிடம் விசா கேட்டுக் கட்டிலிலிருந்து எழுப்பிக்கொண்டு போனதைச் சொன்னார். இந்த ஒக்லாந்தில்தான், இங்கிருந்து தூரமில்லாத தெருவில். தகப்பன் கதவைத் திறந்து சிரித்த முகத்தோடு நின்றாராம். பொலிஸ்காரனுக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாராம். என் தகப்பனை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் என்றார்.

பிறகு என் கடதாசியை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இதில் நான் கை வைக்க முடியாது. ஆனால் நீங்கள் கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை எழுதினால், உண்மை என்று எனக்கு முன்னால் சத்தியம் செய்தால், அதில் முத்திரை குத்துவேன். நீங்கள் அன்றைக்கு அங்கே நின்றீர்களா?"

எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குப் பெயர் சத்தியக்கடதாசி. பொய் எழுதினால் குற்றம். உண்மை எழுதினால், என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. எழும்பிப் போயிருக்கலாம். எனக்குப் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். நான் நின்றேன் என்று சொன்னேன். அந்த அம்மா ஒரு படிவத்தைத் தந்து, அங்கால் மேசையில் இருந்து ஆறுதலாக எழுதுங்கள் என்றார்.

ஒன்றரை மணித்தியாலம் எழுதினேன். பன்னிரண்டு வரிதான். கோச் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். எத்தனை தரம் கேட்டேன் என்று எழுதினேன். எந்த மைதானம், யார் யார் பக்கத்தில் நின்றார்கள் என்று எழுதினேன். கடைசி வரிதான் வரவில்லை. அதற்கு மட்டும் பேனை மூன்று தரம் கடதாசியைத் தொட்டுவிட்டு எழும்பியது. நானும் சிரித்தேன். எழுதிவிட்டேன். அந்த அம்மாவின் மேசைக்குத் திரும்பி வந்து இருந்து, கையெழுத்துப் போட்டேன்.  அந்த அம்மா என்னை எழுப்பி நிற்கவைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லவைத்து, முத்திரை குத்தினார். இந்த முத்திரையும் நீலம்.

வீட்டுக்கு வந்து மகளின் கடிதத்துக்கு மேல் அதை வைத்தேன். அவள் வாசித்ததை நான் பார்க்கவில்லை. கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று வெளியே போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்து படியில் நின்றாள்.

"இதைக் குடுத்தால் உங்களையும் கூப்பிடுவாங்கள் அப்பா."

"கூப்பிடட்டும்."

"பயமில்லையா?"

"பயம்தான்," என்றேன். பிள்ளையிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தரம். அவள் குழாயை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். நான் ஒரே இடத்தில் விட்டுக்கொண்டு நின்றதில் தொட்டி நிரம்பி, தண்ணீர் என் செருப்பு வரைக்கும் வந்திருந்தது.

கூப்பிட்டார்கள். நகரத்துக்குள் ஓர் உயரக் கட்டடம். மகள் தன் காரில் கூட்டிப்போனாள், உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை. தனியாக நடைவழியில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே அந்தக் கோச் வந்தார். அவரை விசாரித்து முடிந்து வெளியே வருகிறார் போல. தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து கையை நீட்டினார். எப்படி இருக்கிறாய், கடை எப்படிப் போகிறது, இதெல்லாம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, இல்லையா என்றார்.

என் முகம் சிரிக்கத் தொடங்கியது. அதைத்தான் நான் எழுத வந்தேன். வெள்ளை வானும் தொப்பிக்காரரும் எனக்குத் தந்த பயம் எல்லாம் சேர்ந்தாலும், அந்த நேரம் வந்த பயத்துக்குக் கிட்ட வராது. என் கன்னம் எனக்குச் சொந்தமில்லாதது போல் தானாக இழுபட்டது. நான் அதைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது. பல்லைக் கடித்தேன். கையைக் கொடுத்தேனா, இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அறைக் கதவு திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே ஒரு பெண் வழக்கறிஞர். தண்ணீர் தந்தார். என் பன்னிரண்டு வரியையும் சத்தமாக வாசித்தார். கடைசி வரியில் நிமிர்ந்து பார்த்தார். நீங்களும் சிரித்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், பகிடி என்று நினைத்தா சிரித்தீர்கள் என்று கேட்டார்.

அதற்கு ஆம் என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். தகப்பனே பகிடியாக எடுத்ததை மகள் ஏன் குற்றமாக்கினாள் என்று கேட்டிருப்பார்கள். என் மானமும் தப்பியிருக்கும், பகிடி புரிந்த மனுசன் என்று. நான் அந்தச் சனிக்கிழமையைச் சொன்னேன். குளிர். பிள்ளை ஓடி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு கயிற்றடிக்கு வந்தது. கோச் அதைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பதினாலு வயதுப் பிள்ளை கோச்சைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தது.

"பயத்தில சிரிச்சனான்," என்றேன். எனக்கு வந்த இங்கிலீஷில்தான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஆறு கிழமைக்குப் பிறகு முடிவு வந்தது. என் மகள் சொன்னது உண்மை என்று எழுதியிருந்தார்கள். அந்த மனுசன் பிள்ளைகளுக்குப் பழக்குவதை விட்டுப் போனார். கொன்ட்ராக்ட் வந்தது, வழக்கமாக இரண்டு வருஷத்துக்கு வருவது, இந்தமுறை ஒரு வருஷத்துக்கு. ஏன் என்று அவள் எழுதிக் கேட்டிருக்கிறாள். கேட்காதே என்று என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

படத்தைத் திரும்பக் கடைச் சுவரில் மாட்டிவிட்டேன். தொப்பிக்காரர் இன்னும் பை வாங்க வருகிறார், இப்போது சோஸுக்குக் காசு எடுக்கிறேன். வெள்ளை வான் வந்து நின்றால் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுகிறதை மட்டும் நான் விடவில்லை. பின்மட்டை நிரம்பிவிட்டது. போன கிழமை மகள் அதைக் கண்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல், கடை மேசையில் ஒரு புதுக் கொப்பியை வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனாள்.